எரிபொருள் மாறினால் வண்டி மாறுமா?

பெட்ரோலில் ஓடிய ஒரு காரின் இன்ஜினை எல்பிஜி எரிவாயுவுக்கு மாற்றிய பிறகு நிற்பது பழைய வண்டியா, புதிய வண்டியா? பட்டறையில் இதற்குப் பதில் தேட வேண்டியதில்லை. “கேஸுக்கு மாத்தியாச்சு” என்ற ஒரு சொல்லோடு வேலை முடிந்துவிடும். ஆனால் ஒரு பொருள் எந்த அளவு மாறும் வரை அதே பொருளாக இருக்கும் என்பது இந்தியத் தத்துவ மரபுகள் பலவும் விடை தேடிய கேள்வி. புதுச்சேரியின் கிராமப்புறக் கொம்யூன்களான வில்லியனூருக்கும் பாகூருக்கும் இந்த விவாதம் அயலானதல்ல. தர்க்கம் கற்பித்த பழைய கல்விச்சாலை ஒன்று பாகூரில் இருந்தது. அந்தத் தர்க்கம் எடுத்துக்காட்டாகக் கொண்ட மண்பானை வில்லியனூர்ச் சூளையில் இன்றும் வேகிறது.

மாற்றத்தில் நடப்பது என்ன என்பதை முதலில் காண வேண்டும். 1,817 சிசி இசுசு பெட்ரோல் இன்ஜின் பொருத்திய அம்பாசடர் காரை எடுத்துக்கொள்ளலாம். அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றது. அதன் காலத்தில் இந்தியச் சாலையில் இது பெரிய பெட்ரோல் இன்ஜின். பெட்ரோலையும் அதற்கேற்பக் குடிக்கும். மாற்றும்போது டிக்கியில் எரிவாயு டேங்க் அமர்கிறது. அதன் வாயில் உள்ள மல்டிவால்வு, கொள்ளளவில் 80 விழுக்காடு நிரம்பியதும் வரத்தை நிறுத்திவிடும். வெயிலில் திரவம் விரிவதற்கு மீதி இடம் வேண்டும். டேங்கிலிருந்து செப்புக் குழாய் வழியாகத் திரவம் முன்பக்கம் வந்து, சொலினாய்டு வால்வைக் கடந்து, ரெடியூசரில் ஆவியாகிறது. ஆவியாகும் திரவம் வெப்பத்தை உறிஞ்சும். ரெடியூசர் உறைந்துபோகாமல் இருக்க ரேடியேட்டரின் சுடுநீர் அதனுள் ஓடுகிறது. அங்கிருந்து எரிவாயு கார்புரேட்டரின் மேலுள்ள மிக்சரில் காற்றோடு கலந்து சிலிண்டருக்குள் போகிறது. ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச்: ஒரு பக்கம் பெட்ரோல், மறு பக்கம் கேஸ். காலையில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடானதும் கேஸுக்கு மாற்றுவது வழக்கம்.

எரிபொருளின் குணமும் வேறு. எல்பிஜி என்பது புரோப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை. ஒரு லிட்டர் எல்பிஜி, ஒரு லிட்டர் பெட்ரோல் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைத்தான் தரும். எனவே அதே தூரத்துக்கு லிட்டர் கணக்கில் கூடுதலாகச் செலவாகும், பிக்கப்பும் சற்றுக் குறையும். மறுபுறம் அதன் ஆக்டேன் எண் 100க்கு மேல். இன்ஜின் தட்டாமல் ஓடும், புகையும் கரியும் குறைவு. பெட்ரோல் துளிகளாக வந்து உள்ளிழுக்கும் வால்வைக் குளிர்வித்தது. எரிவாயு உலர்ந்து வருவதால் அந்தக் குளிர்ச்சி இல்லை. ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்ட பழைய இன்ஜின்களில் வால்வு சீட் தேய்ந்து உள்வாங்குவது இதனாலும் ஈயத்தின் காப்பு இல்லாததாலும்தான். இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000இல் நாடெங்கும் நின்றுபோனது. அதற்கு முந்தைய இன்ஜின்களுக்குக் கடினமான உலோகத்தில் புது வால்வு சீட் இறக்குவதே சரியான வேலை.

எனவே மாற்றம் இரு வகைப்படும். மேலே சொன்ன உறுப்புகள் அடங்கிய கிட்டைப் பொருத்தி, சுவிட்ச் வைத்து, இரண்டிலும் ஓடவிடுவது ஒன்று. கிட்டைக் கழற்றினால் பழைய பெட்ரோல் வண்டி திரும்பக் கிடைக்கும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி வால்வு சீட்டை மாற்றி, அழுத்த விகிதத்தை உயர்த்தி, ஸ்பார்க் நேரத்தை முன்னே தள்ளி, எரிவாயுவுக்கென்றே இன்ஜினை அமைப்பது மற்றொன்று. அதன்பின் பெட்ரோலுக்குத் திரும்புவது எளிதல்ல. தத்துவக் கேள்வி இவ்விரண்டிலும் ஒரே அளவில் எழுவதில்லை.

பாகூரில் கிடைத்த செப்பேடுகள் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. காலம் 9ஆம் நூற்றாண்டு. வாகூர் என அன்று வழங்கிய அவ்வூரின் வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் கொடையாக அளிக்கப்பட்டதை அவை பதிவு செய்கின்றன. அங்கே பதினான்கு பிரிவுகள் இருந்ததாகச் செப்பேடு கூறுகிறது. வேதம் நான்கு, அங்கம் ஆறு, மீமாம்சை, நியாயம், புராணம், தர்ம சாத்திரம் எனும் பதினான்கு வித்தைகளையே அது குறிக்கிறது என்பர் அறிஞர். அப்படியானால், இன்று நெல்லும் கரும்பும் விளையும் பாகூர் ஏரிக்கரையில் ஒரு காலத்தில் நியாய சாத்திரம் பாடமாக ஓதப்பட்டது.

நியாயமும் அதன் துணையான வைசேடிகமும் முழுமைக்கும் உறுப்புக்கும் உள்ள உறவை நுணுகி ஆராய்ந்தவை. அவற்றின்படி முழுமை என்பது உறுப்புகளின் குவியல் அல்ல. உறுப்புகளில் தங்கி, உறுப்புகளிலிருந்து வேறான ஒரு தனிப்பொருள். நூல்களில் தங்கியிருப்பது துணி. ஒரு நூலை உருவிவிட்டால் பழைய துணி அழிகிறது. எஞ்சிய நூல்களில் வேறொரு துணி பிறக்கிறது. கடுமையான முடிவுதான், ஆனாலும் அதில் நேர்மை இருக்கிறது: பழக்கத்தால் “இது அதுவே” என்று சொல்வதை ஆராயாமல் ஏற்க அது மறுக்கிறது. விளக்கின் சுடரை “அதே சுடர்” என்று சொல்வது ஒப்புமையால் வந்த பேச்சே என்பதும் இம்மரபின் விளக்கம்.

அதே மரபு வேறொரு பாகுபாட்டையும் தருகிறது. உறுப்பில் முழுமை தங்கியிருப்பது சமவாயம்; இரு பொருள்கள் ஒட்டி நிற்பது சையோகம். கையில் தடி பிடித்தவனுக்குத் தடி உறுப்பாவதில்லை. இந்த அளவுகோலில் போல்ட் போட்டு முடுக்கிய கிட் சையோகம் மட்டுமே. வண்டி பழைய வண்டியே. வால்வு சீட்டை அகற்றி வேறு சீட்டை இறக்கிய இன்ஜினில் உறுப்பே போய் உறுப்பு வந்திருக்கிறது. அங்கே பழைய முழுமை அழிந்து புதியது தோன்றிவிட்டது. பட்டறைக்காரர் செலவைக் கொண்டு பிரிக்கும் அதே இரு வேலைகளைத் தார்க்கிகர் பொருளின் இயல்பைக் கொண்டு பிரிக்கிறார்.

உறுப்பு மாறாமல் குணம் மட்டும் மாறினால்? இதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சான்று சூளைப் பானை. கறுத்த பச்சைப் பானை வெந்து சிவந்து வருகிறது. இரண்டும் ஒரே பானையா? வைசேடிகர், தீ பட்டதும் பானை அணுக்களாகச் சிதைந்து, அணுக்கள் நிறம் மாறி, மீண்டும் கூடிப் புதுப்பானை ஆகிறது என்றனர். நியாய மரபினரான நையாயிகர் இதை ஏற்கவில்லை. நடுவே பானை சிதைந்தால் அதன்மேல் அடுக்கிய பானைகள் சரிந்திருக்க வேண்டும். அவை அப்படியே நிற்கின்றன. வைத்த எண்ணிக்கையும் அளவும் வடிவும் மாறவில்லை. ஆகவே பானையின் நுண்துளைகள் வழியே தீ புகுந்து நிறத்தை மட்டும் மாற்றுகிறது என்பது அவர்கள் வாதம். புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர்ச் சுடுமண் வேலையில் சூளை பிரிக்கும் எவருக்கும் நையாயிகர் சொன்ன காட்சி கண்கூடு. குணம் மாறியதாலேயே பொருள் வேறாகிவிடாது என்பது இங்கு நிலைபெறுகிறது. பிக்கப் குறைந்ததும் புகை மாறியதும் மட்டும் கொண்டு வண்டி வேறு என்று சொல்ல முடியாது.

பௌத்தம் கேள்வியின் அடிப்படையையே கேட்கிறது. மிலிந்த மன்னனுக்கும் பௌத்தத் துறவி நாகசேனருக்கும் நடந்த உரையாடலில் மன்னன் ஏறிவந்த தேரே சான்றாகிறது. அச்சு தேரல்ல, சக்கரம் தேரல்ல, நுகம் தேரல்ல. இவற்றின் குவியலும் தேரல்ல, இவற்றுக்கு வெளியேயும் தேர் இல்லை. உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர். இரவெல்லாம் எரியும் விளக்கின் சுடர் முதல் சாமத்திலும் கடைச் சாமத்திலும் ஒன்றா என்ற வினாவுக்கு, ஒன்றும் அல்ல, வேறும் அல்ல, தொடர்ச்சியே உண்டு என்பது நாகசேனர் விடை.

தீயையும் விறகையும் குறித்து புத்தர் சொன்னதாகப் பாலி நிகாயத்தில் வரும் விளக்கம் இந்தப் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. தீ எதைப் பற்றி எரிகிறதோ அதனாலேயே பெயர் பெறும்: கட்டையைப் பற்றினால் கட்டைத் தீ, புல்லைப் பற்றினால் புல் தீ, சாணத்தைப் பற்றினால் சாணத் தீ. உணர்வும் அவ்வாறே தன் சார்பால் பெயர் பெறுகிறது என்பதை விளக்கவே அவர் இதைச் சொன்னார். பின்வந்த பௌத்த ஆசிரியர் நாகார்ஜுனர் தம் மூலமத்தியமக காரிகையில் ஓர் அதிகாரத்தையே தீக்கும் எரிபொருளுக்கும் ஒதுக்கினார். இரண்டும் ஒன்றானால் எரிப்பதும் எரிபடுவதும் ஒன்றாகிவிடும். வேறானால் எரிபொருள் இல்லாமலே தீ எரிய வேண்டும். இரண்டும் பொருந்தாது. ஒன்றையொன்று சார்ந்தே அவை உள்ளன. தனக்கென நிலைத்த இயல்பு இரண்டுக்கும் இல்லை.

இன்ஜினுக்குள் இதை எண்ணிப் பார்க்கலாம். நான்கு சிலிண்டர், நான்கு வீச்சு இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தீ பிறக்கிறது. மொத்தம் நிமிடத்துக்கு 6,000 தீ. ஒவ்வொன்றும் சில மில்லிவினாடியில் பிறந்து அணைகிறது. பெட்ரோலில் ஓடிய நாளிலும் எந்தத் தீயும் முந்தைய தீயாக இருந்ததில்லை. சுவிட்சைத் தட்டும் கணத்தில் பெட்ரோல் தீ நின்று எரிவாயுத் தீ தொடர்கிறது. ஓட்டுநர் காதுக்கு ஓசையில் சிறு தளர்வு மட்டும் தெரியும். “ஓடும் வண்டி” என்று சொல்லப்படுவது இந்தத் தொடர்ச்சியைத்தான். பௌத்தரின் கணக்குப்படி இதில் நிலைத்த ஒன்றைத் தேடுவது வீண்.

சமணம் நடுவழி சொல்கிறது. பாகூரை அடுத்த கடலூரின் திருப்பாதிரிப்புலியூர், பாடலிபுரம் என்ற பெயரில் புகழ்பெற்ற சமண மையமாக இருந்தது. லோகவிபாகம் என்ற நூல் அங்கே கி.பி. 458இல் படியெடுக்கப்பட்டது. சமணக் கொள்கையில் ஒவ்வொரு பொருளும் ஒரே நேரத்தில் தோன்றுகிறது, அழிகிறது, நிலைக்கிறது. சமண ஆசிரியர் சமந்தபத்திரரின் எடுத்துக்காட்டு புகழ்பெற்றது: பொற்குடத்தை உருக்கி முடி செய்தால், குடம் வேண்டியவர் வருந்துவார், முடி வேண்டியவர் மகிழ்வார், பொன் வேண்டியவருக்கு வருத்தமும் இல்லை மகிழ்ச்சியும் இல்லை. மூவரும் கண்டது உண்மை. எரிவாயுவுக்கு மாறிய வண்டியிலும் இந்த மூவர் உண்டு. செலவு பார்க்கும் உரிமையாளருக்கு அது புது வண்டி. பிக்கப் பழகிய ஓட்டுநருக்குப் பழைய வண்டி போய்விட்டது. சேசிஸ் எண்ணைத் தேய்த்துப் படியெடுக்கும் ஆய்வாளருக்கு எதுவும் மாறவில்லை.

சைவ சித்தாந்தம் கேள்வியைப் பொருளிலிருந்து வினை செய்பவர்பால் திருப்புகிறது. எந்தக் காரியத்துக்கும் முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என மூன்று உண்டு: குடத்துக்கு மண் முதல், திரிகை துணை, குயவர் நிமித்தம். வண்டியின் ஓட்டத்துக்கு எரிபொருளை முதலாகவும் இன்ஜினைத் துணையாகவும் ஓட்டுபவரை நிமித்தமாகவும் கொள்ளலாம். கேஸுக்கு மாற்றும்போது முதலும் துணையும் மாறுகின்றன, நிமித்தம் மாறுவதில்லை. அதோடு, மெய்கண்டாரின் சிவஞானபோதம் 3ஆம் நூற்பாவில் உடலை மாயையால் ஆன எந்திரம் என்றே குறிப்பிட்டு, அதனுள் உயிர் உண்டு என நிறுவுகிறது. உண்ணும் சோறு மாறுகிறது, உடல் வளர்ந்து தளர்கிறது. ஆனாலும் “என் உடல்” என்று சொல்லும் அறிவு ஒன்று தொடர்வதால் ஆள் அதே ஆள். இன்ஜின் சடப்பொருள், “என்” என்று சொல்ல அதனுள் யாரும் இல்லை. அது அதே வண்டி என்பதற்கான ஆதாரம் அதற்கு வெளியே, “என் வண்டி” என்று சொல்லி அதற்குப் பொறுப்பேற்பவரிடம் இருக்கிறது.

பொறுப்பின் மூலம் பொருளைத் தொடரச் செய்யும் முறை கோயில் மரபில் தெளிவாக வகுக்கப்பட்டுள்ளது. வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநர் வடம் பிடித்தார்; இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். ஆட்சி மாறியும் வழக்கம் தொடர்கிறது. மரத்தேர்களில் உளுத்த சட்டம் மாறும், அச்சு மாறும், சக்கரம் மாறும். தமிழகத்தின் பல தேர்களுக்குத் திருச்சி பெல் ஆலை இரும்புச் சக்கரம் செய்து கொடுத்திருக்கிறது. கிரேக்கர் தெசியசின் கப்பலை வைத்துக் கேட்டதும் இதையே: பலகை பலகையாக மாற்றிய கப்பல் பழைய கப்பல்தானா? ஆகம மரபு இந்தக் கேள்விக்குச் செயலில் விடை தருகிறது. திருப்பணி தொடங்குமுன் மூர்த்தியின் ஆற்றலைக் கலாகர்ஷணம் செய்து கும்பத்துக்கு மாற்றித் தற்காலிகச் சன்னதியான பாலாலயத்தில் வைப்பார்கள். கருவறையிலும் கோபுரத்திலும் வேலை முடிந்தபின், கும்பாபிஷேகத்தில் அது முறைப்படி திரும்பச் சேர்க்கப்படும். கல்லும் சுதையும் எவ்வளவு மாறினாலும் அதே கோயில் என்று ஊர் ஏற்பது, மாற்றம் ஊரறிய, முறைப்படி நடந்ததால்தான்.

சட்டமும் தன் வழியில் இதையே செய்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வண்டி மாற்றம் குறித்த ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் இதை உறுதி செய்தது. ஆனால் 2000ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது: எல்பிஜி, சிஎன்ஜி, பேட்டரி போன்ற வேறு எரிபொருளுக்கு, ஒப்புதல் பெற்ற கிட் கொண்டு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு மாற்றலாம். மாற்றியபின் ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, பதிவுச் சான்றான ஆர்.சி.யில் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண், சேசிஸ் எண், உரிமையாளர் பெயர் எதுவும் மாறாது. எரிபொருள் என்ற கட்டத்தில் மட்டும் “பெட்ரோல்” என்றிருந்தது “பெட்ரோல்/எல்பிஜி” ஆகும். எண் தொடர்ச்சியைக் காக்கிறது. கட்டம் மாற்றத்தை ஒப்புக்கொள்கிறது. தீக்கு அதன் எரிபொருளால் பெயரிட்ட பழைய முறை ஓர் அரசுத் தாளில் இவ்வாறு இடம்பெறுகிறது.

இங்கிருந்து அறக் கேள்வி தொடங்குகிறது. புதுச்சேரியில் பெட்ரோல் மீதான வரி தமிழ்நாட்டைவிடக் குறைவு. கடலூர், விழுப்புரம் வண்டிகள் எல்லை கடந்து வந்து டேங்க் நிரப்புவது வழக்கம். ஆகவே இங்கே கேஸுக்கு மாற்றுவதன் லாபம் மெலிந்தது. அந்த லாபத்தைப் பெரிதாக்க அடுப்படிச் சிலிண்டரை வண்டிக்குத் திருப்பும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் உண்டு. 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு. வண்டி எரிவாயுவுக்கு 18. ஏழைக் குடும்பங்களின் அடுப்புப் புகையை நீக்க 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் மானியமும் வீட்டு எரிவாயுவுக்கே உரியது. வீட்டு எரிவாயுவை வண்டிக்கு எடுப்பது சட்டப்படி குற்றம். அறத்தின்படி, அடுப்பெரிக்க ஊர் பொதுவில் ஒதுக்கியதைக் களவாடுவது. திருக்குறள் துறவறவியலில் கள்ளாமைக்குத் தனி அதிகாரம் உண்டு. இல்லறத்தாருக்கும் அந்த அறம் பொருந்தும்.

ஆபத்தும் இதில் கலந்தே வருகிறது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, வண்டியின் தரையில் தேங்கும். வண்டி டேங்குக்கு உள்ள 80 விழுக்காட்டுத் தடுப்பு வீட்டுச் சிலிண்டரில் இல்லை. பின்னிருக்கையின் கீழே சிலிண்டரைச் சாய்த்து வைத்து ரப்பர் குழாயால் இணைத்த வேன் ஒன்றில் பள்ளிப் பிள்ளைகள் ஏறினால், ஓட்டுபவர் யாரிடமும் சொல்லாத அந்த மாற்றத்தின் விலையைக் கொடுக்க நேர்வது அவர்கள்தான். ஆர்.சி.யில் இன்னும் “பெட்ரோல்” என்றே இருக்கும். காப்பீட்டாளர், ஆய்வாளர், பயணி எவருக்கும் அது எந்த வண்டி என்று தெரியாது. அந்த நிலையில் “அதே வண்டி” என்பது பொய்.

எல்லா மரபுகளையும் சேர்த்துப் பார்த்தால் விடை இதுதான். கழற்றக்கூடிய கிட் பொருத்திய வண்டி பழைய வண்டியே. இன்ஜினையே மாற்றியமைத்த வண்டி, பொருள் நோக்கில் வேறு வண்டி. இரண்டிலும் அதன் பெயரும் எண்ணும் தொடரலாமா என்பதைப் பொருள் தீர்மானிப்பதில்லை. மாற்றியவர் அதை ஊரறியச் சொல்லிப் பொறுப்பேற்றாரா என்பதே தீர்மானிக்கிறது. கேஸுக்கு மாற்ற எண்ணுபவர் ஒப்புதல் பெற்ற கிட்டை அனுமதி பெற்ற இடத்தில் பொருத்த வேண்டும்; டேங்கை உரிய காலத்தில் சோதிக்க வேண்டும்; ஆர்.சி.யில் எழுதிக்கொள்ள வேண்டும். அடுப்படிச் சிலிண்டரை அடுப்படியிலேயே விட்டுவிட வேண்டும்.